நளீர் நானாவின் பெரிய டயர்

நளீர் நானாவின் பிக்கப் கெப்பில் டீசல் காட்டும் முள் எந்நாளும் பாதியில்தான் நிற்கும். டேங்க் நிரம்பி வழிந்தாலும் பாதி, காய்ந்து கிடந்தாலும் பாதி. அதைத் திருத்துங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"எனத்துக்கு திவாகரன்? மீட்டர் ஈக்கிதானே" என்பார்.

டேங்கை நிரப்பிய கையோடு தூரம் காட்டும் சின்ன மீட்டரைச் சைபருக்குக் கொண்டுவந்துவிடுவார். அது நானூற்றைம்பதைத் தொட்டால் மறுபடி டீசல் ஷெட்டுக்குப் போவார். அவ்வளவுதான் அவருடைய கணக்கு. பல வருஷமாக அந்தக் கணக்கு ஒரு நாளும் பிசகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பொல்கொல்லைக்குத் தளபாடம், கடுகஸ்தோட்டைக்குச் சீமெந்து, நாவலப்பிட்டித் தோட்டங்களுக்குத் தகரம் என்று வாரம் முழுக்க ஓடுகிற கெப் அது. குண்டசாலையில் அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மதில்தான். காலையில் அந்த எஞ்சின் இருமுகிற சத்தத்தில்தான் நான் எழும்பி மாநகர சபை வேலைக்குப் புறப்படுவேன்.

கெப்பின் பழைய டயர் நான்கும் வழுக்கை விழுந்துபோனபோது புது டயர் விற்ற விலையைக் கேட்டு மனிதர் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு ஒருநாள் பின்னேரம் தெருமுனையில் ஹோர்ன் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கெப் ஒரு முழம் வளர்ந்து வந்துகொண்டிருந்தது! நாவலப்பிட்டியில் யாரோ உடைத்து விற்ற வேறொரு கெப்பின் ரிம்மும் டயரும். அகலமான ரிம், உயரமான டயர். மட்கார்டில் இடிக்கிறது என்று ஓரத்தைச் சுத்தியலால் தட்டி வளைத்திருந்தார்கள். நானாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பல்லெல்லாம் வெளியே.

"எப்பிடி திவாகரன்? உள்ளுக்கு உக்காந்தா பஸ்ஸுல வாறவன்ட மட்டத்துக்கு ஈக்கேன்."

"நல்லாத்தான் இருக்கு நானா. ஏறுறதுக்கு ஏணியும் சேர்த்துக் குடுத்தாங்களா?"

மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி ஸுமைரா ராத்தா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் அண்ணன் அக்கா என்கிற மாதிரி இவரை நானா என்றும் அவரை ராத்தா என்றும்தான் எல்லோரும் கூப்பிடுவோம். வாய் நிறையச் சிரிக்கிற பெண், ஆனால் அன்று சிரிக்கவில்லை. 

"இந்தப் பாரமான சில்லு நாலையும் இழுக்க எஞ்சின் கூடுதலாத் திங்காதா?" என்று கேட்டார்.

"அடி புள்ள, ஒனக்கு வெளங்கல்ல. சில்லு பெரிசு. அப்ப ஒரு சுத்துக்குக் கூடத் தூரம் போகும். எஞ்சின் குறையத்தான் சுத்தோணும். டீசல் மிச்சம்!"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ராத்தாவுக்கு மட்டும் படவில்லை. "மிச்சமானா நல்லதுதானே" என்று சொல்லி உரித்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் நானா இன்னொரு புதுச் செய்தியோடு வந்தார். கண்டிக்குப் போய்வந்தால் மீட்டர் முன்பு காட்டியதைவிடக் குறைவாகக் காட்டுகிறதாம். நாவலப்பிட்டிக்குப் போனாலும் அப்படித்தானாம். "ரோட்டே கட்டையாப் போச்சு திவாகரன்!" என்று சிரித்தார். ரோட்டைக் குறுக்கிய மனுஷன் என்று நானும் அவரை நாலு நாள் கேலி செய்தேன். ஏற்றங்களில் கெப் முன்னைப்போல மூன்றாவது கியரில் ஏறுவதில்லை, இரண்டுக்கு இறக்கினால்தான் நகருகிறது என்பதையும் அவர் சொன்னார். ஆனால் அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

ஸுமைரா ராத்தா கல்யாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறவர். முப்பது பேர், ஐம்பது பேர் என்று தொடங்கி, இப்போது நூறு பேருக்குக்கூடத் தனியே நின்று பிரியாணி போடுவார். அப்படி இருக்கையில்தான் கலகெதரையிலிருந்து ஒரு மனிதர் வந்தார். பெயர் ரஸீன். ராத்தாவின் சொந்த அக்காவின் கணவர். வந்தவர் வாசலிலேயே நின்றார், உள்ளே வந்து உட்காரச் சொல்லியும் கொஞ்ச நேரம் தயங்கினார்.

"மகள்ட கலியாணம். ரபீகாட. முந்நூறு பேருக்கு நீங்கதான் சமைக்கோணும்" என்றார்.

"இத தாத்தா சொன்னாவா, நீங்க சொல்றீங்களா?"

அவர்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா. இந்தத் தெருவுக்கு வந்த புதிதில் எனக்கு அது பெரிய குழப்பம், யாரோ கிழவனைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்திருக்கிறேன்.

"அவதான் அனுப்பினா. ஆனா நான் சொன்னதாச் சொல்லச் சொன்னா" என்றார் ரஸீன். பாவம், அந்த மனிதருக்குப் பொய் சொல்லவும் தெரியவில்லை.

அக்கா தங்கை இருவரும் பேசாமல் ஆறு வருஷம். அந்தக் கதை எங்கள் வீட்டுக்கும் தெரியும். அவர்களுடைய உம்மா கலகெதரையில் மூத்த மகள் ஜஹானாவோடு இருந்தவர். மௌத்தான செய்தி வந்தபோது நளீர் நானாவும் ராத்தாவும் நாவலப்பிட்டிப் பக்கம் குடியிருந்தார்கள். இதே கெப்பில்தான் புறப்பட்டார்கள். வழியில் ஃபேன் பெல்ட் அறுந்து, கொட்டும் மழையில் ரோட்டோரமாக நின்றுவிட்டார்கள். போய்ச் சேர்ந்தபோது ஆண்கள் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கட்டில் வெறுமையாக இருந்தது.

"ஒரு அரமணித்தியாலம் வெச்சீக்க ஏலாமப் போச்சா தாத்தா? உம்மாட முகத்த நான் பாக்கல்லயே" என்று ராத்தா கதறியிருக்கிறார்.

"ஒங்கட கெப் வாற வரைக்கும் மையத்து காத்திருக்குமா?" என்று ஜஹானா கேட்டுவிட்டார்.

துக்க வீட்டில் வாயில் வந்த சொல். ஆனால் ராத்தாவின் நெஞ்சில் அது அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்குப் பிறகு கலகெதரைப் பக்கம் அவர் தலைவைத்துப் படுக்கவில்லை.

இப்போது அழைப்பு வந்துவிட்டது. சமையலைச் சொல்லித்தான் வந்தது, ஆனாலும் அழைப்புத்தானே. ரஸீன் போன பிறகு ராத்தா மதிலோரம் வந்து நின்றார்.

"தம்பி, இந்தக் கலியாணத்துல ஒரு குறை வந்தா, எனக்கும் தாத்தாக்கும் இதோட சரி. பொறகு இந்த ஜென்மத்துல முகம் பாக்க ஏலாது" என்றார்.

"ஒரு குறையும் வராது ராத்தா."

"ரபீகாவ நான் கண்டே ஆறு வருஷம். சின்ன வயசுலயே உம்மாட முகம் அப்பிடியே. இப்ப எப்பிடி ஈக்காளோ தெரியா."

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. சனி பின்னேரமே எங்கள் வீட்டு முற்றத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டோம். என் மனைவி பிரேமிளா மாமிசம் சாப்பிடாதவள், ஆனாலும் இஞ்சி பூண்டு உரிப்பதும் முந்திரி பிளப்பதும் தன் வேலை என்று உட்கார்ந்துவிட்டாள். வட்டிலப்ப இனிப்புக்குக் கித்துள் கருப்பட்டி கரைத்து வடிகட்டும் வாசனை தெருக்கோடி வரைக்கும் போனது. விடியற்காலையில் ராத்தா தன் சுண்டால் அரிசி அளந்தார். பழைய பால்பேணி அளவிலான தகரச் சுண்டு, அவர் கைக்குப் பழகியது. பிரேமிளா உதவட்டும் என்று எங்கள் வீட்டுப் பெரிய தகரப் பேணியைக் கொண்டுபோனபோது மாட்டேன் என்றுவிட்டார்.

"வேணாம் புள்ள. அளவு மாறினா கணக்கு மாறும். தண்ணி பிழைச்சுப் போகும்."

அவர் சொன்னதை அப்போது நான் காதில் வாங்கவே இல்லை.

பத்து மணிக்கெல்லாம் மூன்று கிடாரம் பிரியாணி தம்மில் இறங்கிவிட்டது. மூடியைச் சுற்றி மாவு ஒட்டி அடைத்திருந்தார். கோழிப் பொரியல், கத்தரிக்காய் மோஜு, அன்னாசிச் சம்பல், ஐஸ் கட்டி போட்ட பெட்டியில் வட்டிலப்பம். கெப்பில் ஏற்றப் போனால் அது எங்கே எட்டுகிறது! முன்பு இடுப்பளவில் இருந்த பின்தட்டு இப்போது நெஞ்சளவில். மரக்கறிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதில் இரண்டு பேர், மேலே இரண்டு பேர் என்று நின்று தூக்கினோம். என் முதுகில் ஏதோ 'கடக்' என்றது.

"நானா, அடுத்த தரம் ரயில் சில்லப் போடுங்க" என்றேன்.

"சும்மா இரிங்கோ திவாகரன், நேரம் போகுது."

நானும் ராத்தாவும் பின்னால், கிடாரங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டோம். எவ்வளவு சொல்லியும் அவர் முன்னால் வர மறுத்துவிட்டார். வளைவுகளில் கிடாரம் நகர்ந்தால் மாவு வெடித்துவிடும், தம் போய்விடும் என்று ஒவ்வொரு மூடியாகக் கையால் அழுத்திக்கொண்டே வந்தார். கண்டி டவுனில் வழக்கம்போல நெரிசல். கடுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டிக் குருநாகல் ரோட்டில் ஏறியபோது வானம் மூடிக்கொண்டு வந்தது. மழைக்கு முந்திய புழுக்கம் வேறு. ஆனால் நேரம் தாராளமாக இருந்தது, ராத்தா முதல்தடவையாக முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், ளுஹர் தொழுகைக்கு முந்திப் போய்டுவோம்" என்றார்.

கலகெதரைக்கு முன்னால் வளைந்து வளைந்து ஏறுகிற ஒரு இடம். கெப் இரண்டாவது கியருக்கு இறங்கியது. பிறகு ஒன்றுக்கு. பிறகு இரண்டு தரம் குலுங்கியது. எஞ்சின் நின்றுவிட்டது.

நானா ஸ்டார்ட் செய்தார். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி செய்தார். சில்லுக்குக் கல் வைக்கச் சொல்லிக் கத்தினார். நான் குதித்து இரண்டு கல்லைத் தேடி வைத்தேன். அவர் இறங்கி டேங்க் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சி காய்ந்து வந்தது.

"டீசல் இல்ல" என்றார். அவருக்கே நம்பிக்கை வரவில்லை. "எப்பிடி இல்லாமப் போகும்? மீட்டர் முந்நூற்றித் தொண்ணூறுதானே காட்டுது! யாரும் களவெடுத்தீப்பானோ?"

ராத்தா பின்னாலிருந்து இறங்கவில்லை. கிடாரத்தின் மூடியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஓரமாகக் குனிந்து டயரைப் பார்த்தார்.

"ஒத்தரும் களவெடுக்கல்ல" என்றார் மெல்ல. "பெரிய சுண்டால அளந்தா, சுண்டுக் கணக்குக் குறையும். அரிசி குறையுமா?"

"எனத்த சொல்றாய்?"

"மீட்டர் எண்ணுறது சில்லு சுத்துறதத்தானே? சில்லு பெரிசாகிட்டு, அப்ப சுத்து குறையத்தான் எண்ணும். நாம வந்த தூரம் வந்ததுதான். மீட்டர் குறையக் காட்டுச்சு, நீங்க ரோட்டு கட்டையாகிட்டுண்டு சிரிச்சீங்க. இந்தப் பாரத்தத் தூக்கிக்கிட்டு மேட்டுல முதலாம் கியருல முக்கி முக்கி, அது வேற குடிச்சீக்கி. மிச்சம் எங்கால வரும்?"

நான் அந்த டயரைப் பார்த்தேன். ரோட்டைக் குறுக்கிய மனுஷன் என்று நான்தானே கேலி செய்தேன். எனக்கும் வெட்கமாக இருந்தது.

"ஸுமைரா," என்றார் நானா. "அல்லாஹ்வுக்காக என்ன ஏசு. ஏசிட்டுப் போ. இப்பிடி ஏசாம ஈக்காத."

"ஒங்கள ஏசி எனத்த? இதே கெப். இதே தாத்தா. அண்டைக்கி உம்மாட மையத்து. இண்டைக்கி மகள்ட கலியாணம்." அவர் மூடியை இன்னும் அழுத்திப் பிடித்தார். "நான் எந்த முகத்தோட அந்த வாசல்ல இறங்குற?"

அதற்குப் பிறகு எங்களுக்கு நின்று பேச நேரமில்லை. கோழி பொரித்த எண்ணெய்க் கேன் ஒன்று வெறுமையாகக் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் வந்த திரீவீலரை மறித்தேன். கலகெதரை ஷெட்டில் பெரிய வரிசை. ஒவ்வொருவரிடமும் கல்யாணச் சாப்பாடு நடுரோட்டில் நிற்கிறது என்று சிங்களத்தில் கெஞ்சினேன். ஒரு லொறிக்காரர் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். என்ன கறி என்றும் கேட்டுக்கொண்டார்.

நான் திரும்பி வந்தபோது மழை பிடித்துவிட்டது. நானா தார்ப்பாய் ஒன்றைக் கிடாரங்களுக்கு மேலே விரித்து, ராத்தா ஒரு நுனியும் அவர் ஒரு நுனியுமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் நனைந்து தெப்பல். ராத்தாவின் மற்றக் கையில் போன் இருந்தது.

"தாத்தாக்கு எடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"எடுத்தேன். கெப் நிண்டுட்டு தாத்தாண்டு சொன்னேன். 'சரி, வா'ண்டு சொல்லி போன வெச்சுட்டா." 

"கோவமா சொன்னாங்களா?"

"தெரியா தம்பி. ஆறு வருஷத்துக்குப் பொறகு கேக்குற குரல். கோவமா இல்லயாண்டு எனக்கு எப்பிடி வெளங்கும்?"

டீசல் வண்டி ஒருமுறை காய்ந்து நின்றால் டீசலை ஊற்றினால் மட்டும் போதாது, குழாய்க்குள் காற்று ஏறிவிடும். அதை எடுக்காமல் எஞ்சின் பிடிக்காது. நானா பொனட்டைத் திறந்து, ஃபில்டருக்கு மேலிருந்த கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருந்தார். நான் பக்கத்துத் திருகாணியைத் தளர்த்திப் பிடித்தேன். நுரை நுரையாக வந்தது. அழுத்தினார். மறுபடியும் நுரை. மழைத்தண்ணீர் அவர் மூக்கிலிருந்து சொட்டியது, அதோடு கண்ணீரும் கலந்திருந்தது என்று நினைக்கிறேன். "யா அல்லாஹ், இந்த ஒரு தரம். இந்த ஒரு தரம் மட்டும்" என்று முணுமுணுத்தபடி அழுத்தினார். அந்த நேரம் பார்த்து, பூச்சரம் கட்டிய பஸ் ஒன்று எங்களைத் தாண்டிக் கலகெதரைப் பக்கம் ஏறியது. மாப்பிள்ளை வீட்டார். ஜன்னலிலிருந்து பிள்ளைகள் எங்களுக்குக் கை காட்டினார்கள். ராத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் நுரை நின்று டீசல் சுத்தமாக வந்தது. ஆணியை இறுக்கினேன். எஞ்சின் இருமி, புகை கக்கி, பிடித்தது.

கல்யாண வீட்டு வாசலில் பந்தல் நிரம்பி வழிந்தது. வெள்ளைத் துணி விரித்து, ஆறு ஆறு பேராக வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேர் சேர்ந்து சாப்பிட ஒரு பெரிய தட்டு, அதுதான் சஹன். நடுவில் சஹன் வைக்கிற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. தண்ணீர் குடித்து, பேரீச்சம்பழம் தின்று, பேசி முடித்து, இனிப் பேச ஒன்றுமில்லாமல் எல்லோரும் கெப்பைப் பார்த்தார்கள். எனக்கே கால் கூசியது. பந்தலோரம் நின்ற இளந்தாரி ஒருவன் மட்டும் டயரைத் தட்டிப் பார்த்து, "சூப்பர் டயர் நானா! லீட்டருக்கு எவ்வளவு ஓடுது?" என்று கேட்டான்.

"கேக்காத மகன்" என்றார் நளீர் நானா.

கெப்பைப் பின்புறம் குசினிப் பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தினோம். ரஸீன் ஓடிவந்து கிடாரத்துக்குக் கை கொடுத்தார்.

"கோவிச்சுக்காதீங்க" என்று நான் தொடங்கினேன்.

"நான் எனத்தக் கோவிக்க? டவுன்ல கடைச் சாப்பாடு எடுப்போம்ண்டு நான்தான் சொன்னேன். ரபீகாட உம்மா ஏலாதுண்டு கதவச் சாத்திட்டா" என்றார் அவர் மெதுவாக. "மாப்பிள்ளைட வாப்பாவே வந்து கேட்டாரு. அவருக்கும் அதே பதில்தான்."

அப்போது குசினிக் கதவு திறந்தது. ராத்தாவைவிடக் கொஞ்சம் உயரமான, தங்கச் சரிகைச் சேலை கட்டிய ஒரு பெண் படியில் நின்றார். ஜஹானா என்று யாரும் சொல்லத் தேவையில்லை, மூக்கும் முழியும் அதேதான். ராத்தா கெப்பின் மேலேயே உறைந்துபோய் நின்றார். சேலை முழுக்க ஈரம், கையெல்லாம் மாவு.

"தாத்தா, சோறு சூடாத்தான் ஈக்கி" என்றார் ராத்தா. அவசர அவசரமாகச் சொன்னார். "தம் போகல்ல. மூடி ஒண்டும் வெடிக்கல்ல. இப்பவே சஹன் போடலாம். பத்து நிமிஷம் தாங்கோ. கெப்ப ஏசாதீங்கோ, அவர் வேணும்ண்டு செய்யல்ல."

"சோறு பொறகு" என்றார் ஜஹானா. "இறங்கு."

"தாத்தா?"

"இறங்கி உள்ளுக்கு வா. நிக்காஹ் முடிஞ்சிட்டு. மாப்பிள்ளை தாலி போட ரூம் வாசல்ல நிக்கிறாரு, நான் விடல்ல. இவ்வளவு நேரமும் கைய நீட்டி மறிச்சுக்கிட்டு நிண்டேன். ஊரே என்னப் பைத்தியம்ண்டு பாக்குது." அவர் படியிலிருந்து இறங்கிக் கெப்பருகில் வந்தார். "அண்டைக்கி ஆம்புளயள் உம்மாவத் தூக்கிட்டுப் போகக்குள்ள எனக்கு மறிக்க ஏலாமப் போச்சு. ஒனக்கு உம்மாட முகத்தக் காட்ட ஏலாமப் போச்சு. இண்டைக்கி மறிச்சுட்டேன். மொதல்ல புள்ளட முகத்த நீ பாரு. நீ பாத்த பொறகுதான் மாப்பிள்ளை பாக்கிற."

ராத்தா எப்படி இறங்கினார் என்று தெரியவில்லை. நாங்கள் நாலு பேர் பெட்டி போட்டு ஏறிய அந்த உயரத்திலிருந்து அவர் குதித்தேவிட்டார். அக்கா பிடித்துக்கொண்டார். ஈரமும் மாவும் சரிகைச் சேலையில் ஒட்டியதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. இருவரும் உள்ளே போனார்கள்.

நாங்கள் ஆண்கள் வெளியே நின்றோம். தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து ராத்தாவின் குரல் கேட்டது.

"உம்மா..."

அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். என் கண்ணும் கலங்கிவிட்டது, மழைக்கு நன்றி. ரஸீன் முதல் கிடாரத்தின் மாவை உடைக்கக் கரண்டியை எடுத்தார். நளீர் நானா அவர் கையைப் பிடித்தார்.

"தொறக்காதீங்கோ மச்சான். அவ வரட்டும்."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். பந்தலில் முந்நூறு பேரும் காத்திருந்தார்கள்.